ஜாக்கெட் தோலும் மழையும்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில், மேல்பூச்சு தரும் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாக்கெட் தோல் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். உருண்டு ஓடினால் திருப்தி. நான் தோலைத் திருப்பி, உள்பக்கத்திலும் ஒரு சொட்டு விடச் சொல்வேன். அங்கே சட்டென்று இறங்கிக் கறுப்பாகப் படர்ந்தால், அது மழைக்கு ஆகாது.

மேலே இருப்பது அக்ரிலிக், பாலியூரித்தேன், லாக்கர் என்று ஸ்ப்ரேயில் ஏறிய மெல்லிய படலம்தான். முழங்கை மடிப்பில் நாளடைவில் அது வெடிக்கும். தையல் ஊசி போன ஓட்டையிலும் வெட்டிய ஓரத்திலும் அந்தப் பூச்சே கிடையாது. தண்ணீருக்கு அந்த வழி போதும்.

நிஜமான காப்பு, தோலை மருந்துநீரோடு போட்டுச் சுழற்றும் டிரம்மில்தான் ஏறுகிறது. குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் நன்றாகப் பதப்பட்டால் கொதிநீரிலும் சுருங்காது. ஆவாரம்பட்டையில் பதனிட்டது அதற்கு வெகு முன்பே சுருங்கிவிடும். இதை வைத்து, குரோம் தோலில் தண்ணீர் புகாது என்று பலர் நினைக்கிறார்கள். சூடு தாங்குவது வேறு, ஈரம் தாங்குவது வேறு. ஜாக்கெட்டுக்கான செம்மறி நாப்பா (மென்மையான ஆட்டுத்தோல்) 0.7 மி.மீ. போலத்தான் இருக்கும்; துணி மாதிரி தொங்க வேண்டும். அந்த மென்மைக்கு விடும் வழக்கமான ஃபேட் லிக்கர், தண்ணீரில் கரைவதற்காகவே சல்ஃபேட் ஏற்றிய எண்ணெய். தோலுக்குள் போன பிறகும் தண்ணீரை இழுக்கும் குணம் அதை விடாது.

ஆகவே நீரை விலக்கும் வகை எண்ணெயைக் கொடுத்து, ஃபார்மிக் அமிலம் விட்டு அதை நார்களில் பிடிக்கவைத்து, மேலே கொஞ்சம் குரோம் போட்டுக் கட்டுகிறோம். அப்புறம் கழுவல். உப்பும் சோப்புத்தன்மையுள்ள மிச்சமும் நார்களுக்குள் தங்கினால் அத்தனையும் வீண். டிரம் ஆள், "சார், இன்னொரு தண்ணி விடட்டுமா?" என்று கேட்டால் நான் தயங்காமல் விடச் சொல்வேன். அவசர ஆர்டர் என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது இந்தக் கழுவலில்தான். எனக்கு அதில்தான் கோபம். பாலாற்றுப் பக்கம் தண்ணீரின் அருமை தெரியாதவர் இல்லை, கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் காசு ஆகிறது. சரி, மிச்சம் பிடிக்க வேண்டியதுதான். அதை மற்ற கழுவல்களில் பிடிக்கட்டும்.

பூச்சைத் தடிமனாக்கி ஈடுகட்டலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் வியர்வை ஆவி வெளியேறாது, கைக்கும் பிளாஸ்டிக் போலிருக்கும். லேசான பூச்சு, மேலே கொஞ்சம் மெழுகு: ஜாக்கெட்டுக்கு நான் அதற்கு மேல் போக மாட்டேன்.