டெக்சாஸ் கிராமப்புறத்தில் பழைய வழக்கு ஆவணங்களைத் தேடுதல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிராமப்புறக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) பழைய வழக்கைத் தேடுவோர், அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உயில், வாரிசுரிமை வழக்குகள் பெரும்பாலும் கவுண்டியின் ஆவணப் பொறுப்பாளரான கவுண்டி கிளார்க்கிடமும், விவாகரத்து, கொடுங்குற்ற வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்ற ஆவணங்களுக்குப் பொறுப்பான டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். மக்கள்தொகை 8,000-க்கும் குறைவான கவுண்டிகளில் இரு பதவிகளையும் ஒருவரே வகிக்க அம்மாநில அரசமைப்பு இடமளிக்கிறது.

அண்மைக்கால வழக்குகள் இணையத்தில் கிடைக்கலாம். பழையவற்றுக்கு நேரில் செல்வதே நல்லது என்பது என் கருத்து. நான் பார்த்த பதிவறையில், கனத்த பேரேடுகள் உருளைகள் பொருத்திய இரும்பு அலமாரிகளில் படுக்கைவாட்டில் கிடந்தன. வாதிகளுக்கு ஓர் அட்டவணையும் பிரதிவாதிகளுக்கு மற்றொன்றும் இருந்தன. ஆனால் அகரவரிசை முதலெழுத்தோடு நின்றுவிட்டதால், ஒரு குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க அவ்வெழுத்துக்குரிய பக்கங்கள் அனைத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. வழக்கு எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் அம்மாநிலத் தகவல் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது. எனினும், நீதிமன்ற ஆவணங்களைப் பார்வையிட்டு நகலெடுக்கும் பொதுவுரிமையை, அது வரம்பற்றதல்ல என்ற குறிப்போடு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. தத்தெடுப்பு, சிறார் வழக்குகள் பொதுவாகப் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதில்லை.