எதிர்வீட்டுத் திருமணம்
கிருஷ்ணகிரியில் எங்கள் எதிர்வீட்டில் தனியாக வசிக்கும், மனைவியை இழந்த 61 வயதுப் பெரியவரும், ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் 44 வயதுப் பெண்மணியும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்துகொள்ள விண்ணப்பித்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் கோரும் 30 நாள் அறிவிப்புக் காலம் முடிவதற்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. சொத்துக்காகத்தான் என்கிறார்கள், பெங்களூரில் இருக்கும் மகனும் அதையேதான் சொல்கிறாராம்.

பருவமெய்தியதும் பெண்பிள்ளைகளை இருமடங்கு வயதுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தபோது வாய் திறக்காத ஊர் இது. (குழந்தைத் திருமணச் செய்திகளில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இன்னும் அடிபடத்தான் செய்கின்றன.) விவரம் தெரிந்த இருவர் தாமாக முடிவெடுத்தால் மட்டும் 17 வயது வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது.

அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெண்மணி. ஷிப்ட் முடிந்து இரவில் வந்திறங்கும் அவருக்காக ரவுண்டானாவில் வண்டியோடு காத்திருப்பவர் இவர். சாட்சிக் கையெழுத்துக்கு மூவர் வேண்டும். ஒருவராக நான் போகிறேன்.