பேஸ்மென்ட் குளியலறை: ரஃப்-இன் ஆய்வு பாஸ், நெயில் பிளேட்டோடு பட்ட பாடு

நேற்றுக் காலை இன்ஸ்பெக்டர் அனுமதி அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ரஃப்-இன், அதாவது சுவரை மூடுவதற்கு முன் உள்ளே பைப்பும் வயரும் போடும் வேலை, முடிந்தது! மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மனிதர் இதே சுவரைப் பார்த்து மூன்று குறை எழுதிக் கொடுத்திருந்தார். இத்தனைக்கும் பைப் சரிவு, வென்ட் (கழிவுப் பைப்புக்குக் காற்று விடும் குழாய்), தண்ணீர் நிரப்பி வைத்த சோதனை எல்லாம் முதல் நாளே தேறிவிட்டன. குறை அத்தனையும் சுவரின் மரச் சட்டத்தில்தான்.

முதல் குறை, ஸ்டட்டில், அதாவது சுவருக்குள் நிற்கும் மரத்தில், போட்ட ஓட்டைகள். வாஷ் பேசினுக்குப் பின்னால் இருப்பது 2×4 சுவர், பாரம் தாங்காதது. அதில் 1½ அங்குல பிவிசி குறுக்கே ஓடுகிறது. பெயர்தான் 1½, வெளி விட்டம் 1.9 அங்குலம். ஆக ஓட்டை 2 அங்குலம். பாரம் தாங்காத ஸ்டட்டில் அகலத்தில் 60 சதவீதம் வரை துளைக்கலாம். 2×4 என்பதும் பெயர்தான், ஸ்டட்டின் நிஜ அகலம் 3½ அங்குலம், அதற்கு அது 2.1. சரி, உள்ளே வந்துவிடுகிறது. நட்ட நடுவில் துளைத்தாலும் இரண்டு பக்கமும் மிஞ்சுவது முக்கால் அங்குலம்தான். விளிம்பிலிருந்து 1¼ அங்குலத்துக்குள் பைப் வந்தால், ஸ்க்ரூ அதைத் துளைக்காமல் இருக்க, நெயில் பிளேட் என்கிற எஃகுத் தகடு அடித்தே ஆக வேண்டும். நான் குளியலறைப் பக்கம் மட்டும் அடித்திருந்தேன். பின்பக்கம் ஸ்டோர் ரூம். அங்கேயும் டிரைவால் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) வரப்போகிறது, அங்கேயும் யாராவது ஒருநாள் ஸ்க்ரூ முடுக்குவார்கள். இன்ஸ்பெக்டர் பேசவே இல்லை. சுவரைச் சுற்றிப் பின்னால் போய், டேப்பின் நுனியை ஓட்டை விளிம்பில் வைத்து, கட்டை விரலால் முக்கால் அங்குலக் கோட்டைக் காட்டினார். மூன்று ஸ்டட்டிலும் அதேதான்.

இந்த 1¼ எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை அங்குல டிரைவாலுக்கு 1⅝ அங்குல ஸ்க்ரூ போட்டால் மரத்துக்குள் இறங்குவது 1⅛. எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான் இடைவெளி! அதைப் பார்த்த பிறகு அந்த எண் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

இரண்டாவது குறையில்தான் எனக்கு இரண்டு வாரக் கடைசி போனது. 2 அங்குல வென்ட் பைப், ஸ்டட்டுகளின் உச்சியில் படுத்திருக்கும் மரமான டாப் பிளேட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இடம். பைப்பின் வெளி விட்டம் 2⅜, ஓட்டை 2½, இரு பக்கமும் அரை அங்குல மரம்தான் மிச்சம். அங்கே வழக்கமான சின்ன நெயில் பிளேட்டை அடித்து வைத்திருந்தேன். அது இரண்டு விதத்தில் தவறு. தகடு டாப் பிளேட்டோடு நின்றுவிடக் கூடாது, அதற்குக் கீழேயும் 2 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். தரையில் படுத்திருக்கும் பாட்டம் பிளேட்டானால் அதற்கு மேலே 2 அங்குலம். டிரைவால் அடிக்கிறவர்கள் மேலும் கீழும் பிளேட் மரத்தைக் குறிவைத்துத்தான் ஸ்க்ரூ போடுவார்கள், கொஞ்சம் தப்பினால் நேராகப் பைப்புக்குள் போகும். என் டாப் பிளேட் ஒற்றை மரம், 1½ அங்குலம். கூட 2 சேர்த்தால் 3½. கையில் இருந்த தகடு 3 அங்குலம்! அகலமும் போதாது. 1½ அங்குலத் தகடு 2⅜ அங்குலப் பைப்பை எப்படி மறைக்கும்? 3×5 அளவுத் தகடு வாங்கி வந்து, இரண்டு பக்கமும் அடித்த பிறகுதான் மனம் ஆறியது.

தகடு வாங்கும்போது தடிமனைக் கவனியுங்கள். பைப்புக்கு 16 கேஜ், அதாவது 0.0575 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கலப்பு டப்பாவில் மெல்லிய ரகமும் கலந்து கிடக்கிறது. எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையில் பெட்டியாக வாங்கினால் ஒரே தடிமன், மலிவும்கூட. நூறு வாங்கினேன், பாதி தீர்ந்துவிட்டது.

ட்ரில் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே கிடைப்பது 14½ அங்குலம். சாதாரண ட்ரில்லோடு அதில் நுழைந்தால் கை கோணலாகத்தான் போகும், ஓட்டை ஒரு முகத்தில் நடுவிலும் மறு முகத்தில் விளிம்பை ஒட்டியும் வரும். விளிம்புக்கு ⅝ அங்குல மரமாவது மிஞ்ச வேண்டும். எனக்கு இருந்ததே முக்கால், தவறுவதற்கு எட்டில் ஒரு பங்குதான் இடம். தலை செங்கோணமாக மடங்கிய ரைட் ஆங்கிள் ட்ரில்லை இரவல் வாங்கிய பிறகுதான் நேரான ஓட்டை விழுந்தது. அடுத்த வேலைக்கு முன்னால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவேன்.

மூன்றாவது குறை ஃபயர்பிளாக், அதாவது சுவருக்குள் தீ பரவாமல் இருக்க வைக்கும் தடுப்பு. கான்கிரீட் சுவரை ஒட்டி ஓர் அங்குல இடைவெளி விட்டு நிறுத்திய 22 அடிச் சுவரில் எனக்குக் குறையே வரவில்லை. மேலே நெடுக மினரல் வூல் (தீப்பிடிக்காத கனிமப் பஞ்சு) திணித்து, 8 அடியிலும் 16 அடியிலும் தரையிலிருந்து உச்சி வரை டிரைவால் பட்டை நிறுத்தியிருந்தேன். விதி கேட்பது 10 அடிக்கு ஒன்று. அதைப் பார்த்து இன்ஸ்பெக்டரே தலையாட்டினார், அதில் எனக்குப் பெருமைதான்.

மாட்டியது ஸோஃபிட்டில். ஏசி டக்டை மறைக்கச் சுவரோரம் ஒரு பெட்டி கட்டியிருந்தேன். ஸ்டட்டுகள் பெட்டிக்குள் திறந்தபடியே ஏறிப் போகின்றன, பெட்டி மேலே ஜாய்ஸ்டுக்கு (மேல் தளத்தைத் தாங்கும் மரங்கள்) நடுவே திறக்கிறது. சுவருக்குள் தீ பிடித்தால் அது நேராகத் தளத்துக்கு அடியில் போய்ப் பரவ வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்! பழைய பலூன் ஃப்ரேமிங் வீடுகளில் ஸ்டட் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். பேஸ்மென்ட்டில் பிடித்த தீ சுவருக்குள்ளேயே பரணுக்கு ஏறியதெல்லாம் அப்படித்தான். இப்போது மாடிக்கு மாடி பிளேட் குறுக்கே நிற்பதே இயல்பான தடுப்பு. அந்தத் தடுப்பைத்தான் நம் ஓட்டைகளும் ஸோஃபிட்டும் உடைக்கின்றன.

பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே சுவர் முகத்தில் டிரைவால் அடித்திருந்தால் பத்து நிமிட வேலை. இப்போது ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்டட் இடைவெளியிலும் சீலிங் மட்டத்தில் 2×4 துண்டு வெட்டிச் செருக வேண்டியதாயிற்று. பதினோரு துண்டு, ஒன்றுகூட ஒரே அளவில்லை. ஸோஃபிட் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் பின்பக்கத்தை மூடுங்கள்.

பிளேட் துளைகளில் பெக்ஸ் (பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்), வயர், வென்ட் பைப்பைச் சுற்றிய இடுக்குகளுக்கு ஆரஞ்சு ஃபோம் அடித்தேன். நிறம் வெறும் அடையாளம்தான், இன்ஸ்பெக்டர் கண்ணில் படுவதற்கு. டப்பாவின் லேபிளில் ஃபயர்பிளாக் என்று இருக்கிறதா, உங்கள் ஊரில் அதை ஏற்கிறார்களா என்பதே முக்கியம். தீத்தடுப்பு மதிப்பீடு பெற்ற சுவரைத் துளைத்தால் அது வேறு கதை, அதற்கு ஃபயர்ஸ்டாப் என்று சோதித்த தனி முறையே வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து இன்சுலேஷன், அப்புறம் ஷவர் பக்கம் சிமென்ட் போர்டு. டைலுக்கு இப்போதே இரண்டு நிறம் பார்த்து வைத்திருக்கிறேன். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவருக்கும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்தாயிற்று.

தீராத சிக்கல் ஒன்று. கண்ணாடி மாட்டும் இடத்தில் தகடுகள் வரிசையாக நிற்பதால் டிரைவால் அங்கே லேசாகப் புடைக்கிறது. உளியால் மரத்தில் தகட்டின் கனத்துக்குச் செதுக்கித் தகட்டை உள்ளே இறக்கிப் பார்த்தேன், இரண்டு சரியாக உட்கார்ந்தன. மூன்றாவது இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சனிக்கிழமை கழற்றி மறுபடி அடிக்க வேண்டும்.