கியூபும் சிலிண்டரும்

சிவில் படித்தவர்களுக்குத் தெரியும். கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்க நம் ஊரில் 150 மில்லிமீட்டர் கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் வைத்து நசுக்குவோம். அமெரிக்காவில் கியூப் கிடையாது, சிலிண்டர். அதே கலவையை சிலிண்டரில் வார்த்து உடைத்தால் எண் குறைந்துதான் வரும். நம் எம்25, அதாவது கியூபில் 25 மெகாபாஸ்கல் தாங்கும் கான்கிரீட், இங்கே ஏறக்குறைய 20 மெகாபாஸ்கல். உவமைக்காகச் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் நான் போன முதல் இன்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அந்த இன்டர்வியூவுக்குப் போய் உட்கார எனக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆனது.

சென்னையில் ஆறு வருஷம் ஸ்ட்ரக்சுரல் டிசைன் பார்த்துவிட்டு, 2011இல் கல்யாணமாகி வந்தேன். எச்-4 விசா. கணவருடைய எச்-1பி வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வருவது. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வேலை இல்லையென்றால் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் இல்லை, இங்கே எதற்கும் கேட்கும் அரசாங்க எண் அது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனால் நம்பர் கேட்டார்கள். 'இவருக்கு நம்பர் கொடுக்க முடியாது' என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு வரவேண்டுமாம். வாங்கினேன். நான் யாரில்லை என்பதற்கு அரசாங்கம் கொடுத்த கடிதம் அது. இன்னும் ஃபைலில் இருக்கிறது.

சும்மா இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். 2014இல் எஃப்.இ. தேர்வு எழுதினேன், இங்கே இன்ஜினியர் லைசென்ஸுக்கு முதல் படி, 110 கேள்விகள். போனில் அம்மா மட்டும் விடாமல் கேட்பாள்: "பரீட்சை எல்லாம் எழுதுறே, வேலைக்கு எப்பம்மா போவே?"

2015 மே 26 அன்று விதி மாறியது. கணவருக்கு கிரீன் கார்டு கேட்டு கம்பெனி போடும் ஐ-140 மனு அனுமதி ஆகியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி உண்டு. அவருக்கு அது ஆகியிருந்தது. கிரீன் கார்டுதான் வரவில்லை. ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கில், இந்தியர்களின் வரிசை நகர்வதே தெரியாது. செப்டம்பரில் என் வேலை அனுமதிக் கார்டு, ஈஏடி, வந்தது. அதில் 'சி26' என்று ஒரு பிரிவு எண் இருக்கும். தோழிகளுக்குள் அப்போது நலம் விசாரிப்பே "ஈஏடி வந்துருச்சா?" என்றுதான்.

இன்டர்வியூவில் வேலை இல்லாத அந்த நாலு வருஷ கேப் பற்றிக் கேட்கத்தான் செய்தார்கள். "சட்டப்படி அனுமதி இல்லை" என்றேன். அந்த மேனேஜர், பாவம், அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாதவர். சிலிண்டர் கேள்விக்குச் சரியாகச் சொன்னதால் எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

வேலை பழக மூன்று மாதம் பிடித்தது. மெட்ரிக்கில் வளர்ந்த கைக்கு அடி, இஞ்ச், ஆயிரம் பவுண்டு சுமையைக் குறிக்கும் கிப். நம் 16 எம்எம் கம்பி இங்கே நம்பர் 5. ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. முதலில் கிலோநியூட்டனில் மனக்கணக்குப் போட்டுவிட்டு மாற்றி எழுதுவேன். ஒருநாள் பீம் ஒன்றின் சுமையை நேராகக் கிப்பிலேயே நினைத்திருக்கிறேன். எந்த நாள் என்று கவனிக்கவில்லை.

கார்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய 180 நாளுக்குள்தான் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். விதியையே ரத்து செய்யப்போவதாக 2017இலிருந்து அரசாங்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தது. என் இரண்டாவது கார்டு 2020 ஆகஸ்டில் முடிந்தது. பிப்ரவரியிலேயே விண்ணப்பித்தாயிற்று. ஆனால் 2019இலிருந்து எச்-4 நீட்டிப்புக்கும் கைரேகையைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். மார்ச்சில் கொரோனா வந்து கைரேகை மையங்களை மூடினார்கள். எச்-4 நீளாமல் ஈஏடி கிடையாது.

அப்போது ஒரு கார் பார்க்கிங் கட்டடம் என் கையில் இருந்தது, நாலு மாடி. கடைசி நாள் இரவு பதினோரு மணி வரை தூண்களின் அளவும் கம்பியும் எழுதும் காலம் ஷெட்யூலை முடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு லாகின் போய்விடும். ஹெச்.ஆர். பெண் நல்லவர், போனில் இரண்டு தடவை சொன்னார்: "நாளையிலிருந்து மெயிலுக்குக்கூடப் பதில் போட்டுவிடாதீர்கள். அதுவும் வேலைதான்." லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப ஒரு காலி அட்டைப்பெட்டி வந்தது, உள்ளே நுரை எல்லாம் வைத்து. கணவர் அடுத்த அறையில் மீட்டிங்கில் இருந்தார். நான் டேப் ஒட்டினேன்.

அடுத்த ஜனவரியில் கார்டு வந்தது. மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பழைய ஃபோல்டரைத் திறந்து பார்க்கிங் டிராயிங்கைப் பார்த்தேன். தூண் இடைவெளி, கம்பி, கம்பி மேல் கான்கிரீட் கவர் எல்லாம் நான் போட்டதுதான், ஒரு எண்கூட மாறவில்லை. 'டிசைன்ட் பை' கட்டத்தில் வேறொருவர் இனிஷியல்.