பட்டன் நாடா

ஜூன் 4
குழந்தைக்குத் துணியில் விளையாட்டுச் சாமான் தைக்கப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு யோசனை. ஜிப் வை, வெல்க்ரோ வை, ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் மணி என்று துணிப் புத்தகமே போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. குட்டி காலையிலிருந்து என் சட்டையின் ஒரே பட்டனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தேவை அந்தப் பட்டன், கொஞ்சம் பெரிதாக.

1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரியின், துணி பொருத்திய மரச்சட்டங்களும் இப்படித்தான். ஒன்றில் பட்டன் மட்டும், ஒன்றில் கொக்கி மட்டும், இன்னொன்றில் முடிச்சுப் போடும் நாடா மட்டும். ஒரு சட்டத்துக்கு ஒரே வேலை.

ஆகவே ஒரு துணி நாடா, நுனியில் ஒரு பட்டன், கோத்துக் கழற்ற, நடுவில் துளையிட்ட நாலைந்து ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த கெட்டித் துணி) துண்டுகள். மறுநுனியில் ஒரு துண்டை நிரந்தரமாகத் தைத்துவிட்டால் மற்றவை நழுவி விழாது.

ஜூன் 6
பட்டன் தேர்வுக்குத்தான் நேரம் பிடித்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டத்தில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளது. டப்பாவில் அழகான பட்டன்கள் எத்தனையோ இருந்தும் எல்லாம் அதற்குள் போய்விடும் அளவு. கடைசியில் பழைய கோட்டிலிருந்து 4 செ.மீ. பட்டன் ஒன்று கிடைத்தது. நாலு துளை, விளிம்பு வழவழப்பு.

நாடா 20 செ.மீ. போதும். ஒன்றரை வயதுக்குக் குறைந்தவர்களின் பொம்மையில் கயிறு 22 செ.மீ.க்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய விதி. குட்டி அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் கழுத்தைச் சுற்றும் நீளம் எதற்கு?

ஜூன் 7
துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டினேன். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். சிவப்புத் துணியை மட்டும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். எப்படியும் வாய்க்குத்தான் போகப்போகிறது.

நாடாவை இரண்டாக மடித்து ஓரம் முழுக்கக் கெட்டித்தையல். பட்டனுக்கு பாலியஸ்டர் நூல், இரட்டையாக. பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மீதாகத் தைத்து, பிறகு குச்சியை உருவி, தளர்ந்த நூலைப் பட்டனுக்கு அடியில் சுற்றி இறுக்கினால் சின்னக் கழுத்து கிடைக்கும். அந்த உயரம் இல்லாவிட்டால் ஃபெல்ட் துண்டு நுழைய இடமிருக்காது. துணி கிழியாதிருக்கப் பின்னால் ஒரு குட்டி பட்டன் வைத்துத் தைப்பது வழக்கம். இதில் அது வேண்டாம், கழன்றால் அதுவே ஆபத்து. ஃபெல்ட் ஒட்டு போட்டேன்.

ஜூன் 9
துண்டுகள் 9 செ.மீ. சதுரம். காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, 4.5 செ.மீ.; பட்டன் விட்டத்தோடு அதன் கனத்தையும் கூட்டி, கொஞ்சம் தாராளமாக. ஃபெல்ட் நூல் பிரியாது என்றாலும் சுற்றிலும் காஜா தையல் போட்டுவிட்டேன். இழுக்க இழுக்க, வெட்டின் இரு முனைகளும்தான் முதலில் கிழியும்.

மாலையில் சோதனை. பொம்மைப் பாகங்களை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்பார்கள், கிட்டத்தட்ட 9 கிலோ. பட்டனில் பையை மாட்டி அதில் தண்ணீர் பாட்டில்களாக 9 லிட்டர் ஏற்றித் தொங்கவிட்டேன். வீட்டில் சிரிக்கிறார்கள். தையல் அசையவில்லை.

ஜூன் 12
எல்லாவற்றையும் கோத்தபடியே கையில் கொடுத்தேன். கழற்றுவது முதலில் கைவரும், கோப்பது பின்னால்தான். பட்டனை நீளவாக்கில் சாய்த்துத் தள்ளவேண்டும் என்பது பிடிபடும்வரை துண்டையே பிடித்து இழுத்தாள். மஞ்சள் துண்டு வெளியே வந்ததும் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கைதட்டினால் விளையாட்டு நம்முடையதாகிவிடும். எல்லாம் கழன்றதும் பட்டனோடு என் மடியில் போட்டாள். திரும்பக் கோத்துத் தருவது என் வேலை.

ஜூன் 20
குளிர்ந்த நீரில் கையால் துவைத்தேன். செயற்கை ஃபெல்ட்டுக்குச் சூடான இஸ்திரிப் பெட்டி ஆகாது. பட்டனைத் திருகிப் பார்த்தேன், நூல் எங்கும் தளரவில்லை. துண்டைப் பட்டனின் விளிம்புவரை தானே கொண்டுபோகிறாள் இப்போது. அதற்குமேல் என் விரலைப் பிடித்து வைக்கிறாள்.

அடுத்தது ஜிப். பெரிய பிளாஸ்டிக் பல்லாகத் தேட வேண்டும், இழுப்பானில் துணி வளையம் கோக்க வேண்டும்.