மூடியும் புளியங்கொட்டையும்: நூலக பீரியட் குறிப்புகள்

14 ஜூலை 2025, திங்கள்

இன்று ஆறாம் வகுப்பு. நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் தூவி (Dewey) எண் வரிசையில் வியாழன் கோளைப் பற்றிய புத்தகம் 523.45, விண்மீன்கள் 523.8. எது முன்னால் வரும் என்று கேட்டேன். "எட்டைவிட நாப்பத்தஞ்சு பெருசுதானே மிஸ்?" என்றது பாதி வகுப்பு. எண்பது பைசா, நாற்பத்தைந்து பைசா என்று விளக்கப் போனால், பைசாவையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள். கணக்கு டீச்சரிடம் மீட்டர் ஸ்கேல் வாங்கி எண்பது சென்டிமீட்டரைத் தொட்டுக் காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் அலமாரி முன்னால் போய் நின்றால் பழைய குழப்பம்தான். தினமும் கையில் எடுத்து அடுக்கிப் பழக ஏதாவது வேண்டும். விளையாட்டுக் காய் செய்யலாம் என்று முடிவு.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் ஆவணி முகூர்த்தத்துக்கான வேலை நடக்கிறது. ஒரு கடையில் கட்டிங் மெஷின் அடியில் விழுந்த அட்டைத் துண்டுகளைப் பை நிறையக் கொடுத்தார்கள். வெட்டி எண் எழுதி மேஜையில் பரப்பினேன். ஃபேன் போட்டதும் எல்லாம் பறந்து சிதறின. சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்தி விளையாடச் சொல்ல முடியுமா? காய்க்குக் கனம் வேண்டும்.

22 ஜூலை, செவ்வாய்

தண்ணீர் பாட்டில் மூடிதான் கடைசியில் கைகொடுத்தது. மூடியின் மேல் மார்க்கரில் எழுதினால் வியர்த்த கைபட்டு ஒரே நாளில் அழிந்துவிடும். அதனால் மூடியைக் குழி மேலே பார்க்க வைத்து, உள்ளே அடியில் கொஞ்சம் மணலைப் போட்டு ஃபெவிகால் ஊற்றி இறுகவிட்டேன். அதன்மேல் பத்திரிகை அட்டையில் வெட்டிய வட்டம், அதில் எண், மேலே செல்லோ டேப். எண் குழிக்குள் இருப்பதால் விரல் உரசுவதில்லை. சாயங்காலம் பெய்யும் மழையில் ஃபெவிகால் காயத்தான் ஏகப்பட்ட நேரம் ஆகிறது. ஆயாம்மா மைதாப் பசை காய்ச்சித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். மைதா வாசம் பட்டால் ராமபாணப் பூச்சி வரும், காயோடு சேர்த்துப் புத்தகத்தையும் தின்னும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

பகடை வாங்கவில்லை. அது உருண்டு பீரோ அடியில் போய்விடும், பிறகு பீரியட் முழுக்கத் தேடல்தான். புளியங்கொட்டை விழுந்த இடத்திலேயே கிடக்கும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வண்டு வைக்காமல் இருக்க மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே விட்டேன்.

வராண்டா சிமெண்ட் தரையில் வரிசையாக உட்கார்ந்து தேய்த்தார்கள். முதலில் பழுப்புத் தோல் பொடியாக உதிரும், பிறகு நடுவில் பொட்டு போல வெள்ளை தெரியும், அது மெல்ல விரிந்து ஒரு பக்கம் முழுக்க வெளுக்கும். தேய்த்த கொட்டை கொதிக்கும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை; பிள்ளைகளுக்கு அது பிறவி ஞானம். "சுட்டுட்டான் மிஸ்!" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அலற, சுட்டவன் தூணுக்குப் பின்னால்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் கையில் மட்டும் கொட்டையைக் கொடுப்பதில்லை. மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஐந்து மூடி. நான்கு கொட்டையை வீச வேண்டும். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை மூடியை வரிசையில் சரியான இடத்தில் செருகலாம். தப்பாக வைத்ததை அடுத்தவர் கண்டுபிடித்தால் வெட்டு. அந்த மூடி அவருக்கு. கையில் இருப்பது தீர்ந்ததும் கடைசியாக வைத்த மூடியின் எண்ணில் உள்ள புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்தால் பழம். தாய விளையாட்டின் சட்டம்தான், கட்டம் மட்டும் இல்லை.

கணக்கு டீச்சருக்குக் குஷி. நான்கு கொட்டைக்கு விழக்கூடிய வகை 16, அதில் இரண்டு வெள்ளை 6 வகை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஆனால் தேய்த்த பக்கம் தட்டை, மறு பக்கம் புடைப்பு. இரண்டும் சரிசமமாக விழும் என்று என்ன நிச்சயம்? "என் கொட்டை நாலு போடும்" என்று ஒருவன் தன் செட்டைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறான். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நூலகர் தினம், எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். கடைக்காரர் அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கி வேறு வேறு பொம்மை செய்து காட்டியதிலிருந்துதான், புத்தகங்களை வகைப்படுத்த 1933-இல் ரங்கநாதன் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறைக்கு யோசனை பிறந்தது. பேச்சுப் போட்டியில் யாரும் இதைச் சொல்வதில்லை, "நூலகத் தந்தை" என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். நான் சொன்னேன்.

"அவரு அந்த பொம்மைய வாங்கினாரா மிஸ்?"

அடுத்த வாரம் 494.811, 894.811 இரண்டுக்கும் மூடி செய்ய வேண்டும். முன்னது தமிழ் மொழி, பின்னது தமிழ் இலக்கியம். இரண்டும் இடம் மாறித்தான் தினமும் கிடக்கின்றன. கேன்டீனில் மூடி சேர்த்து வைக்கச் சொல்லியாயிற்று.