ஓட ஏலாத மனிசனுக்கு இதயத்தை மட்டும் ஓட விட்டுப் பாக்கிற எக்கோ

எக்கோ, அதான் ஒலி அலையால இதயத்தைப் படம் பிடிக்கிற சோதினை, நோர்மல் எண்டு எழுதிக் குடுத்தா இதயத்தில ஒரு வருத்தமும் இல்லை எண்டு எங்கட வன்னிப் பக்கம் கனபேர் நினைச்சுக்கொண்டு இருக்கினம், அது முழுக்கச் சரியில்லை. சாதாரண எக்கோ எடுக்கேக்க ஆள் கட்டில்ல சும்மா படுத்திருக்கிறார், இதயத்துக்குப் பெரிசா வேலை இல்லை, ரத்தக்குழாய் பாதிக்கு மேல அடைச்சிருந்தாக்கூட அந்த நேரத்துக்குக் காணுமான ரத்தம் போய்ச் சேந்திடும், இதயச் சுவரும் வடிவா அசையும். லான்ட்மாஸ்டர் உழவு மெசினை முத்தத்தில ஸ்டார்ட் பண்ணி விட்டா எந்தக் குறையும் தெரியாது, சேத்து வயலுக்க இறக்கினாத்தான் இழுக்குதோ இல்லையோ எண்டு தெரியும்.

என்ர மாமா, அம்மாட தம்பி, இரணைமடுத் தண்ணியில வயல் செய்யிறவர், வயசு 61. 2009 சண்டையில செல் (எறிகணை) பட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது, பொய்க்காலோடதான் வரம்பு கட்டிறதும் மருந்தடிக்கிறதும். கொஞ்சக் காலமா நெல்லு மூட்டை தூக்கேக்க நெஞ்சு இறுக்கித் தாடை வரைக்கும் ஏறுது, வேலையை விட்டிட்டு நிண்டா கொஞ்ச நேரத்தில போயிடுது. மனிசன் அதை வாய்வு எண்டு சொல்லி உள்ளி அவிச்சுக் குடிச்சுக்கொண்டு திரிஞ்சவர், மாமிதான் சண்டை பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ஈசிஜி சரி, எக்கோவும் சரி. ஊருக்குள்ள உடன "பாத்தியளே, வாய்வுதான்" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டினம். ஆனா டொக்டர் விடேல்ல, வேலை செய்தா வருது நிண்டா போகுது எண்ட அந்த ஒரு கதையை அவர் இறுக்கிப் பிடிச்சிட்டார்.

வழமையா இப்பிடி வாற ஆக்களை ட்ரெட்மில்லில ஏத்தித்தான் பாக்கிறது, மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா வேகமும் ஏத்தமும் கூடிக்கொண்டு போகும். பொய்க்கால் போட்டவரை அதில ஏத்தினா இதயம் களைக்க முன்னமே கால் நொந்து இறங்கிடுவார், பேந்து அந்த ரிப்போட்டை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. எங்கட இடத்தில இது சின்ன விசயமில்லை, கால் போனவை, இடுப்பில காயப்பட்டவை, முழங்கால் தேய்ஞ்ச ஆச்சிமார் எண்டு எத்தினை பேர். அவைக்குத்தான் டொபுட்டமின் ஸ்ட்ரெஸ் எக்கோ, டொபுட்டமின் எண்டது இதயத்தை வேகமா, பலமா அடிக்க வைக்கிற மருந்து.

யாழ்ப்பாணத்தில செய்தது, நான்தான் கூடப் போனனான். இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லி, நெஞ்சில ஈசிஜி வயர் ஒட்டி, ஒரு கையில பிறஷர் பட்டி, மற்றக் கையில ஊசி. முதல்ல மருந்தில்லாம படம் எடுக்கினம். பிறகு பம்ப் வழியா டொபுட்டமின், உடம்பு நிறையில கிலோவுக்கு நிமிசத்துக்கு 5 மைக்ரோகிராமில தொடங்கி 10, 20, 30, 40 எண்டு மூண்டு மூண்டு நிமிசமாக் கூட்டிக்கொண்டு போறது. இதயத் துடிப்பு 220 இல வயசைக் கழிச்சு வாறதில 85 வீதத்துக்கு ஏறோணும் எண்டதுதான் இலக்கு, மாமாவுக்கு நிமிசத்துக்கு 135. அதுக்கும் துடிப்பு ஏறாட்டி, துடிப்பைக் கூட்டிற அட்ரோபின் எண்ட மருந்தும் குடுப்பினம். மனிசன் அசையாமப் படுத்திருக்கிறார், ஆனா நெஞ்சு மட்டும் குளக்கட்டில ஓடி வந்தவர் மாதிரி அடிக்குது, "தம்பி, ஆரோ உள்ளுக்க நிண்டு உதைக்கிறான்" எண்டார்.

டொக்டர் பாக்கிறது சுவரைத்தான். இடது கீழறையை 17 துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டும் எப்பிடிச் சுருங்குது, எப்பிடித் தடிக்குது எண்டு பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில ஓட விட்டுப் பாக்கினம். நல்ல சுவர் வேகம் கூடக் கூட இன்னும் இறுக்கிச் சுருங்கும், ரத்தம் காணாத சுவர் பின்னடிக்கும். எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா ரத்தம் குறைஞ்சா இந்த அசைவு முந்தியே மாறிடுமாம், ஈசிஜி மாற்றம் அதுக்குப் பிறகு, நெஞ்சு நோ அனேகமா எல்லாத்துக்கும் கடைசி. அப்ப நோ வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிற ஆள் எவ்வளவு பிந்தி நிக்கிறார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மாமாக்கு மருந்து 30 இல நிக்கேக்க கீழ்ச் சுவர் பின்னடிக்கத் தொடங்கி 40 இல வடிவாத் தெரிஞ்சுது, அதோட நிப்பாட்டிட்டினம். மருந்தை நிப்பாட்டினா கெதியா இறங்கிடும், அது உடம்பில பாதியாக் குறைய ரெண்டு நிமிசமளவுதான் எடுக்கும். பயம் இல்லையெண்டு சொல்லமாட்டன், துடிப்புக் குழம்பலாம், பிறஷர் விழலாம், அதுக்காகத்தான் டொக்டர் பக்கத்தில நிக்க, ஷொக் குடுக்கிற மெசினும் வைச்சுக்கொண்டு செய்யிறது. ஹார்ட் அட்டாக் வந்து ஒண்டு ரெண்டு நாளான ஆக்களுக்கு இதைச் செய்யமாட்டினம்.

போறவைக்கு ஒண்டு ரெண்டு சொல்லோணும். அட்டெனொலோல், பிசோபுரொலோல் மாதிரிக் குளிசை போடுறவை அதை முதலே சொல்லுங்கோ, அது துடிப்பை ஏற விடாது எண்டு அனேகமா நிப்பாட்டச் சொல்லுவினம், ஆனா எப்ப நிப்பாட்டிறது எண்டதை டொக்டர்தான் சொல்லோணும், நீங்களா நிப்பாட்டினா ஆபத்து. கண்ணில பிறஷர், புறொஸ்டேட் பிரச்சினை இருந்தா அதையும் சொல்லுங்கோ, அட்ரோபினுக்கு அது முக்கியம். உடம்புக்க செல் துண்டு இருக்கிறவை எம்ஆர்ஐ எண்டா யோசிக்கோணும், அந்த மெசினின்ர காந்தம் இரும்பை இழுக்கும், எக்கோவுக்கு அந்தக் கவலையே இல்லை, இது வெறும் ஒலி அலை, கதிர்வீச்சும் கிடையாது. பாக்கிற டொக்டரின்ர கண்ணிலதான் கனக்கத் தங்கியிருக்கு எண்டது இதில ஒரு குறை, கொழுத்த ஆக்களுக்கும் படம் தெளிவா வராது.

இப்ப அஞ்சியோகிராமுக்கு, அதான் இதய ரத்தக்குழாய் எங்க அடைச்சிருக்கு எண்டு படம் எடுத்துப் பாக்கிறதுக்கு, திகதி குடுத்திருக்கினம். அது வரைக்கும் மூட்டை தூக்கக் கூடாது, நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை எப்பவும் சட்டைப் பொக்கற்றில இருக்கோணும். மாமா கேட்ட ஒரே கேள்வி, அது அறுவடைக்கு முன்னமோ பின்னமோ எண்டதுதான். முன்னம் எண்டதும் முகம் போன போக்கைப் பாத்து மாமி, "அப்ப நெல்லை நான் வெட்டுறன், நீங்கள் போய்ப் படுங்கோ" எண்டு ஒரு பேச்சுக் குடுத்தா, அதுக்குப் பிறகு ஆள் வாயே திறக்கேல்ல.